லெசோத்தோ: ஒரு நாட்டின் வயிற்றுக்குள் இன்னொரு நாடு

2025 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க அதிபர் டிரம்ப் நாடுவாரியாகப் புதிய இறக்குமதி வரிகளை அறிவித்தார். சீனா, இந்தியா, வியட்நாம் என்று பெரிய நாடுகளெல்லாம் இருந்த அந்தப் பட்டியலில் மிக உயர்ந்த விகிதம் 50 சதவீதம். அது விழுந்தது தெற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் லெசோத்தோ என்ற சின்ன மலை அரசின் தலையில். அதற்கு ஒரு மாதம் முன்பு, மார்ச் 4 அன்று, அமெரிக்க நாடாளுமன்றத்தில் பேசும்போது இதே நாட்டைத்தான் ‘யாரும் கேள்விப்பட்டிராத நாடு’ என்று அவர் குறிப்பிட்டிருந்தார். அந்நாட்டுத் தலைநகரில் அமெரிக்காவுக்குத் தூதரகம் இருக்கிறது.

செய்தியைப் படித்தவர்களுக்கு இரண்டு கேள்விகள் எழுந்தன. சுமார் 23 லட்சம் பேர் வாழும் ஒரு நாடு, உலகின் மிகப் பெரிய பொருளாதாரத்துக்கு அப்படி என்ன கேடு செய்தது? ஒரே ஒரு அறிவிப்பு அந்த நாட்டை ஏன் அந்த அளவுக்கு உலுக்கியது? முதல் கேள்விக்குப் பதில் ஒரு வகுத்தல் கணக்கில் இருக்கிறது. இரண்டாவதற்குப் பதில் தேட இருநூறு ஆண்டு பின்னால் போக வேண்டும்.

வரைபடத்தில் எங்கே?

தென்னாப்பிரிக்காவின் வரைபடத்தைப் பார்த்தால், கிழக்குப் பக்கத்தில் ஓட்டை போட்டதுபோல ஒரு இடம் தெரியும். அதுதான் லெசோத்தோ. பரப்பு 30,355 சதுர கிலோமீட்டர். எந்தத் திசையில் நடந்தாலும் எல்லை தாண்டியதும் தென்னாப்பிரிக்காதான். இப்படி ஒரே நாட்டால் முழுக்கச் சூழப்பட்ட தனி நாடுகள் உலகில் மூன்றே மூன்று. மற்ற இரண்டும் இத்தாலிக்குள் இருக்கும் வாத்திகனும் சான் மரினோவும்.

இன்னொரு தனித்தன்மை உயரம். நாடு முழுவதும் கடல் மட்டத்துக்கு 1,000 மீட்டருக்கு மேலே இருப்பது உலகிலேயே இங்கு மட்டும்தான். மிகத் தாழ்வான இடமே சுமார் 1,400 மீட்டர். உச்சியான தபானா ந்ட்லென்யானா 3,482 மீட்டர். ஆப்பிரிக்கக் கண்டத்தின் தெற்குப் பகுதியில் அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை. குளிர்காலத்தில் மலைகளில் பனி கொட்டும். ஆடு மேய்க்கும் சிறுவர்கூடக் கனமான கம்பளியைப் போர்த்திக்கொண்டுதான் வெளியே வருவார்கள். அந்தக் கம்பளிப் போர்வையும், கூம்பு வடிவ மொக்கொரொட்லோ தொப்பியும் அங்கே தேசிய அடையாளங்கள். தொப்பி தேசியக் கொடியின் நடுவிலேயே இருக்கிறது.

பெயர்களில் குழம்ப வேண்டாம். அந்த மொழியில் முன்னொட்டு மாறினால் பொருள் மாறும். மக்கள் பாசோத்தோ, ஒருவர் மட்டும் என்றால் மொசோத்தோ, மொழி செசோத்தோ, நாடு லெசோத்தோ. உச்சரிப்பு ஏறக்குறைய ‘லெசூட்டு’ என்று வரும். ஆங்கிலேயர் காலத்தில் இதே நாட்டுக்குப் பாசுட்டோலாந்து என்று பெயர்.

எஸ்வாத்தினி (பழைய பெயர் சுவாசிலாந்து) என்ற இன்னொரு சிறிய, கடற்கரை இல்லாத அரசோடும் இதைச் சேர்த்துக் குழப்பிக்கொள்வதுண்டு. ஆப்பிரிக்காவில் இன்று மன்னர் நாட்டின் தலைவராக இருப்பது மொராக்கோ, எஸ்வாத்தினி, லெசோத்தோ ஆகிய மூன்று நாடுகளில். எஸ்வாத்தினியில் ஆட்சி மன்னர் கையில். லெசோத்தோவில் மன்னர் மூன்றாம் லெட்சியேவுக்கு ஆட்சி அதிகாரம் கிடையாது. தேர்தலில் வென்ற பிரதமர்தான் ஆள்கிறார்.

இந்த ஓட்டை எப்படி வந்தது?

சுற்றிலும் இருந்த நிலம் முழுவதும் தென்னாப்பிரிக்கா ஆனபோது இந்த ஒரு துண்டு மட்டும் ஏன் தனியாக நின்றது? இந்த நாட்டைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முதல் விஷயம் இதுதான். பதில் ஒரு மனிதரிடமும் ஒரு மலையிடமும் இருக்கிறது.

மொஷ்வேஷ்வே 1786 வாக்கில் ஒரு சின்னக் குலத்தலைவரின் மகனாகப் பிறந்தவர். 1820-களில் தெற்கு ஆப்பிரிக்கா முழுக்கப் போரும் பஞ்சமும் பரவி, குலங்கள் சிதறி ஓடிக்கொண்டிருந்தன. 1824-ல் அவர் தன் ஆட்களோடு தாபா பொசியு என்ற மலைக்கு இடம்பெயர்ந்தார். ‘இரவின் மலை’ என்று பொருள். உச்சி மேசைபோலத் தட்டையானது. மேலே ஊற்றுத் தண்ணீர் உண்டு, மாடு மேய்க்க இடம் உண்டு. ஏறுவதற்குச் சில குறுகிய வழிகள் மட்டுமே. இந்த மலையை எந்த எதிரியாலும் கடைசிவரை பிடிக்க முடியவில்லை.

அந்தப் பயணத்தில் ஒரு கொடுமை நடந்தது. பஞ்சத்தில் மனித இறைச்சி தின்னத் தொடங்கியிருந்த ஒரு கூட்டம் அவருடைய தாத்தா பீட்டேவைப் பிடித்துக் கொன்று தின்றுவிட்டது. பிற்பாடு அவர்கள் பிடிபட்டபோது எல்லோரும் மரண தண்டனை கேட்டார்கள். மொஷ்வேஷ்வே மறுத்துவிட்டார். அவர்களுடைய வயிறுதான் தன் தாத்தாவின் கல்லறை, கல்லறையை அவமதிக்கக்கூடாது என்று சொல்லி, அவர்களுக்குச் சடங்கு செய்வித்து, தன் குடிகளாகவே சேர்த்துக்கொண்டார். 1831-ல் ந்டெபெலே அரசர் ம்சிலிகாசியின் படை மலையேற முயன்று தோற்றுத் திரும்பியபோது, பசியில்தான் வந்திருப்பீர்கள் என்று சொல்லி, போகிற படைக்குப் பின்னாலேயே மாடுகளை அனுப்பிவைத்தார். அந்தப் படை மறுபடி வரவில்லை. இதை வெறும் கருணை என்று மட்டும் சொல்ல முடியாது. சிதறிக் கிடந்த அகதிகளையும் பழைய எதிரிகளையும் கூட்டி ஒரு மக்களினத்தையே உருவாக்கிய அரசியல் இது. பாசோத்தோ என்ற இனம் ஒரே ரத்தத்தில் வந்ததல்ல. அந்த மலையைச் சுற்றி அடைக்கலம் தேடி வந்தவர்கள் சேர்ந்து உண்டானது.

வெள்ளையர் வந்தபோதும் அவர் இதே நிதானத்தோடுதான் நடந்துகொண்டார். 1833-ல் பிரெஞ்சு மதப்பணியாளர்களை வரவேற்றார். அவர்களில் ஒருவரான காசாலிஸ், வெளி நாட்டு விவகாரங்களில் அவருக்கு ஆலோசகராகவே இருந்தார். 1852-ல் ஆங்கிலேயத் தளபதி காத்கார்ட்டின் படையைத் தடுத்து நிறுத்திய அன்று இரவே, ‘உங்கள் வலிமையைக் காட்டிவிட்டீர்கள், இனி சமாதானம் ஆகலாம்’ என்ற பொருளில் கடிதம் எழுதினார். தளபதியும் மானத்தோடு திரும்பிப் போக முடிந்தது.

ஆனால் பக்கத்தில் ஆரஞ்சு சுதந்திர நாடு அமைத்த போயர்கள், அதாவது டச்சு வழி வந்த வெள்ளை விவசாயிகள், தளபதி காத்கார்ட் போலத் திரும்பிப் போகிறவர்கள் அல்ல. அவர்களுக்கு வேண்டியது விளைநிலம். 1858-லும் 1865 முதல் 1868 வரையிலும் போர்கள் நடந்தன. மலை விழவில்லை, ஆனால் வயல்கள் எரிந்தன. கடைசியில் மொஷ்வேஷ்வே பிரிட்டனிடம் பாதுகாப்பு கேட்டார். 1868 மார்ச் 12 அன்று நாடு பிரிட்டிஷ் ஆளுகைக்குள் வந்தது. 1869-ல் வரைந்த எல்லை, கலெடன் ஆற்றுக்கு மேற்கே இருந்த செழிப்பான சமவெளியைப் போயர்களிடமே விட்டுவிட்டது. மன்னர் 1870-ல் காலமானார்.

இந்த எல்லைக்கோட்டை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வருவது எல்லாம் எளிதாகப் புரியும். மக்களுக்கு மிஞ்சியது மலை. சோறு போட்ட சமவெளி அந்தப் பக்கம் போய்விட்டது. இன்று நாட்டின் நிலத்தில் உழக்கூடியது பத்தில் ஒரு பங்கு அளவுதான், அதுவும் மண் அரிப்பால் தேய்ந்துகொண்டே வருகிறது. இழந்த நிலத்தைத் திரும்பக் கேட்கும் தீர்மானம் 2023-ல்கூட லெசோத்தோ நாடாளுமன்றத்துக்கு வந்தது.

அடுத்தது, தென்னாப்பிரிக்காவோடு கலப்பதிலிருந்து நாடு தப்பிய கதை. 1871-ல் தெற்கே இருந்த பிரிட்டிஷ் ஆளுகைப் பகுதியான கேப் காலனியோடு சேர்த்தார்கள். துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னபோது பாசோத்தோ மறுத்து, 1880-81-ல் சண்டையிட்டு நின்றார்கள். கேப் அரசு கைகழுவியது. 1884-ல் நாடு நேரடியாக லண்டனின் பொறுப்புக்குத் திரும்பியது. அந்தத் துப்பாக்கிப் போர் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால், 1910-ல் தென்னாப்பிரிக்க ஒன்றியம் உருவானபோது இந்த நிலமும் கேப் காலனியோடு உள்ளே போயிருக்கும். ஒன்றியத்தின் சட்டத்திலேயே ‘பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம்’ என்று வழி வைத்திருந்தார்கள். பாசோத்தோவின் எதிர்ப்பும், பிறகு வந்த நிறவெறி ஆட்சியும் அதை நடக்கவிடவில்லை.

1966-க்குப் பிறகு

1966 அக்டோபர் 4 அன்று சுதந்திரம் வந்தது. ஜனநாயகம் நிலைக்கவில்லை. 1970 தேர்தலில் தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் பிரதமர் லெபுவா ஜொனாதன் தேர்தலையே ரத்து செய்தார். அப்புறம் ராணுவ ஆட்சி, மன்னர் இரண்டாம் மொஷ்வேஷ்வே பதவி இழந்து மீண்டும் அமர்ந்தது, 1998-ல் ஒரே கட்சி 80 தொகுதிகளில் 79-ஐ அள்ளியதால் வந்த கலவரம், அதை அடக்க நுழைந்த தென்னாப்பிரிக்க, போட்ஸ்வானா படைகள், எரிந்துபோன தலைநகர் மசேரு என்று நீளும். 2002-ல் விகிதாசார இடங்களையும் சேர்த்து 120 உறுப்பினர் அவையாக மாற்றினார்கள். அதன்பின் கூட்டணி ஆட்சிகள் அடிக்கடி கவிழ்ந்தன. 2022-ல் தொழிலதிபர் சாம் மட்டெக்கானே, தொடங்கி சில மாதங்களே ஆன கட்சியோடு 56 இடம் பிடித்துப் பிரதமரானார்.

இதில் நின்று பார்க்க வேண்டிய ஆண்டு 1986. நிறவெறி ஆட்சியை எதிர்த்த ஆப்பிரிக்க தேசிய காங்கிரஸ் போராளிகளுக்கு லெசோத்தோ இடம் கொடுத்துவந்தது. 1982 டிசம்பரில் தென்னாப்பிரிக்க ராணுவம் மசேருவுக்குள் நுழைந்து 42 பேரைக் கொன்றது. அப்போதும் லெசோத்தோ அசையவில்லை. 1986 ஜனவரியில் எல்லையை அடைத்தார்கள். உணவு, எரிபொருள் எல்லாம் அந்த எல்லை வழியாகத்தான் வர வேண்டும். மூன்று வாரம் தாங்கவில்லை. ஜனவரி 20 அன்று ராணுவத் தளபதி லெக்கான்யா ஆட்சியைப் பிடித்தார், போராளிகள் வெளியேற்றப்பட்டார்கள். அதே ஆண்டு அக்டோபரில், அந்த ராணுவ அரசுதான் தென்னாப்பிரிக்காவோடு பெரிய தண்ணீர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது.

இந்த நாடு எதை விற்றுப் பிழைக்கிறது?

விளைநிலம் இல்லாத மலைநாடு எதையாவது கீழே அனுப்பித்தான் வாழ முடியும். லெசோத்தோ வெவ்வேறு காலத்தில் மூன்றை அனுப்பியது.

1. ஆட்கள். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகத் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களுக்கு ஆண்கள் போனார்கள். 1980-களின் இறுதியில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் அங்கே பூமிக்கடியில் இருந்தார்கள். ஊரில் வீடு எழும்பியதும், பிள்ளைகள் படித்ததும் அந்தப் பணத்தில். 1990-களில் தங்கச் சுரங்கத் தொழில் சுருங்கியதும் ஆட்கள் கூட்டம் கூட்டமாக வீடு திரும்பினார்கள். சம்பளம் நின்றது, கூடவே நுரையீரல் தூசி நோயும் காசநோயும் வந்தன. குடும்பத்தைப் பிரிந்து வாழ வைத்த இந்த வேலைமுறை எச்ஐவி பரவியதற்கும் ஒரு காரணம். இன்று பெரியவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு அந்தத் தொற்று இருக்கிறது. உலகிலேயே மிக உயர்ந்த விகிதங்களில் ஒன்று.

2. தண்ணீர். ஜோகன்னஸ்பர்க்கைச் சுற்றிய தொழில் மாகாணமான கௌடெங்குக்குப் பக்கத்து ஆற்று நீர் போதவில்லை. லெசோத்தோ மலைகளில் பெய்யும் மழையோ ஆரஞ்சு ஆற்றில் சேர்ந்து எதிர்த்திசையில், அட்லாண்டிக் கடலுக்கு ஓடுகிறது. கீழ்ப்பகுதியில் அதைப் பிடித்துப் பம்பு வைத்து மேலேற்றினால் செலவு அதிகம். மலையிலேயே அணை கட்டி, சுரங்கக் குழாயில் வடக்கே திருப்பினால் தண்ணீர் தானாக இறங்கும். அதைத்தான் செய்தார்கள். 185 மீட்டர் உயரக் காட்சே அணை, பிறகு மொஹாலே அணை, மலையைக் குடைந்து 82 கிலோமீட்டர் சுரங்கம், வழியில் 72 மெகாவாட் மின்நிலையம். 1998 முதல் தண்ணீர் போகிறது; ஆண்டுக்குச் சுமார் 78 கோடி கனமீட்டர். பம்பு வைக்காததால் மிச்சமாகும் பணத்தில் 56 சதவீதம் லெசோத்தோவுக்கு, 44 சதவீதம் தென்னாப்பிரிக்காவுக்கு என்பது உரிமத்தொகைக் கணக்கு.

இந்தத் திட்டத்தில் லெசோத்தோ பெருமைப்படத்தக்க ஒரு காரியமும் செய்தது. லஞ்சம் வாங்கிய திட்டத் தலைமை அதிகாரிக்கு 2002-ல் சிறைத் தண்டனை வாங்கித் தந்ததோடு நிற்கவில்லை. லஞ்சம் கொடுத்த கனடா, ஜெர்மனி நிறுவனங்களையும் தன் நீதிமன்றத்தில் நிறுத்திக் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வாங்கியது. வாங்கியவரை மட்டும் பிடித்து, கொடுத்த பெரிய கம்பெனியை விட்டுவிடுவதுதான் உலக வழக்கம். அதை மாற்றிக் காட்டியது இந்தச் சின்ன நாடு.

3. துணி. 2000-ல் அமெரிக்கா கொண்டுவந்த ‘அகோவா’ சட்டம், ஆப்பிரிக்க நாடுகளின் பொருட்களுக்குச் சுங்க வரி இல்லாமல் கதவு திறந்தது. ஏழை நாடுகளுக்கு அதில் ஒரு சலுகை: துணி எந்த நாட்டிலிருந்து வந்தாலும் பரவாயில்லை, தைப்பது இங்கே நடந்தால் போதும். தைவான் முதலாளிகள் மசேருவிலும் மபுட்சோவேயிலும் தையல் ஆலைகள் திறந்தார்கள். 2004 வாக்கில் அவற்றில் வேலை பார்த்தவர்கள் சுமார் 50,000 பேர். 2005-ல், ஒரு நாடு இவ்வளவு ஆடைதான் ஏற்றுமதி செய்யலாம் என்று வரம்பு வைத்திருந்த உலக ஆடை ஒதுக்கீட்டு முறை முடிந்து சீனா சந்தையை நிரப்பியபோது அந்த எண்ணிக்கை சரிந்தது. ஆனாலும் தொழில் நிலைத்து நின்றது. லீவைஸ், ராங்லர் ஜீன்ஸ்கள் இங்கே தைக்கப்பட்டன. தைத்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். கணவர் சுரங்க வேலை இழந்து வீட்டில் இருக்க, மனைவி தையல் எந்திரத்தில் உட்கார்ந்து குடும்பத்தைத் தாங்கினார்.

இவற்றோடு வைரமும் உண்டு. 3,100 மீட்டர் உயரத்தில் உள்ள லெட்செங் சுரங்கத்தில் 2018-ல் 910 காரட் கல் கிடைத்து 4 கோடி டாலருக்கு விலைபோனது. ஆனால் வைரம் வேலை தருவது சிலருக்குத்தான்.

அரசாங்கத்தின் வருமானம் வேறு வழியில் வருகிறது. தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, நமீபியா, எஸ்வாத்தினி, லெசோத்தோ ஆகிய ஐந்தும் 1910-ல் தொடங்கிய ஒரு சுங்க ஒன்றியத்தில் இருக்கின்றன. வெளியிலிருந்து வரும் சரக்குக்கு ஐந்துக்கும் ஒரே வரி. வசூலைப் பங்கு பிரிக்கிறார்கள். சில ஆண்டுகளில் லெசோத்தோ அரசின் வருமானத்தில் பாதியை நெருங்குகிறது இந்தப் பங்கு. நாணயமான லோட்டியும் தென்னாப்பிரிக்க ராண்டும் ஒன்றுக்கு ஒன்று. கடைகளில் இரண்டும் செல்லும்.

50 சதவீதம் எப்படி வந்தது?

அமெரிக்கா காட்டிய அட்டவணையில், லெசோத்தோ அமெரிக்கப் பொருட்களுக்கு 99 சதவீதம் வரி போடுகிறது என்று இருந்தது. அப்படி ஒரு வரி லெசோத்தோவில் இல்லை. நடந்த கணக்கு இது:

1. 2024-ல் அமெரிக்கா லெசோத்தோவிடம் வாங்கியது சுமார் 23.7 கோடி டாலர். விற்றது சுமார் 28 லட்சம் டாலர்.
2. வித்தியாசம், அதாவது வர்த்தகப் பற்றாக்குறை, சுமார் 23.45 கோடி.
3. அதை, வாங்கிய தொகையால் வகுத்தால் 99 சதவீதம்.
4. அதில் பாதி 50.

ஆக, வரிக்கும் இந்த எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. ‘எங்களிடம் நீங்கள் எவ்வளவு குறைவாக வாங்குகிறீர்கள்’ என்பதற்கான அளவு இது. ஏழை நாடு விலையுயர்ந்த அமெரிக்கச் சரக்கை வாங்காது. வாங்குகிற கொஞ்சத்திலும் பெரும்பகுதி தென்னாப்பிரிக்கா வழியாக வந்து அந்தக் கணக்கில் சேர்ந்துவிடும்.

சூத்திரத்தின் பிழைக்குப் பெரிய சான்று சுங்க ஒன்றியமே. ஐந்து நாடுகளும் அமெரிக்கச் சரக்குக்கு ஒரே வரியைத்தான் போடுகின்றன. ஆனால் பட்டியலில் லெசோத்தோ 50, போட்ஸ்வானா 37, தென்னாப்பிரிக்கா 30, நமீபியா 21, எஸ்வாத்தினி 10. ஒரே சுவருக்கு ஐந்து உயரம் இருக்க முடியாது. இதைச் சரிபார்க்க அரை நாள் போதும். சரிபார்க்காமல் வெளியிட்ட ஓர் எண், மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்தும் பல்லாயிரம் பெண்களின் வேலையோடு விளையாடியது.

பிறகு நடந்தது

ஏப்ரல் 9 அன்று வரி 90 நாளுக்கு நிறுத்திவைக்கப்பட்டது. ஆகஸ்டில் 15 சதவீதமாக அமலுக்கு வந்தது. 50-லிருந்து 15 என்றால் நிம்மதிதானே என்று தோன்றலாம். ஆனால் ஆடை வியாபாரத்தில் ஆர்டர் போடுகிறவர் மாதங்களுக்கு முன்பே முடிவெடுக்க வேண்டும். என்ன வரி வரும் என்று தெரியாத அந்த நான்கு மாதத்தில் அமெரிக்க வாங்குநர்கள் ஆர்டரை நிறுத்தினார்கள், ஆலைகள் ஆட்களை வீட்டுக்கு அனுப்பின. பக்கத்தில் எஸ்வாத்தினிக்கும், போட்டியாளரான கென்யாவுக்கும் அப்போது 10 சதவீதம்தான். லாபம் காசு கணக்கில் இருக்கும் தொழிலில் 5 சதவீத வித்தியாசம் ஆலையையே இடம் மாற்றும்.

அதே ஆண்டு செப்டம்பர் 30 அன்று அகோவா சட்டத்தின் கெடுவும் முடிந்தது. அந்தச் சலுகை இல்லையென்றால் பருத்திக் கால்சட்டைக்கு வழக்கமான சுங்கம் மட்டுமே 16 சதவீதத்துக்கு மேல். புதிய வரி அதற்கு மேலே ஏறியது. இதற்கிடையில் அமெரிக்க வெளிநாட்டு உதவி வெட்டப்பட்டதால் எச்ஐவி சிகிச்சைப் பணியில் இருந்த சுகாதார ஊழியர்கள் பலர் வேலையிழந்தார்கள். ஜூலையில் லெசோத்தோ அரசு, இளைஞர்களின் வேலையின்மையைக் காரணம் காட்டி, 2027 ஜூன் வரை தேசியப் பேரிடர் நிலை அறிவித்தது. வெள்ளத்துக்கும் வறட்சிக்கும் அறிவிப்பதை வேலையின்மைக்கு அறிவித்தார்கள்.

சில ஆலைகள் தென்னாப்பிரிக்கச் சந்தைக்குத் தைக்கத் திரும்பியிருக்கின்றன. வரி இல்லை, தூரம் இல்லை; ஆனால் விலை குறைவு, அளவும் குறைவு. மறுபடியும் அதே அண்டை நாடு.

இப்போது நாட்டில் உறுதியாக நடந்துகொண்டிருக்கும் பெரிய வேலை மலையில்தான் இருக்கிறது. தண்ணீர்த் திட்டத்தின் இரண்டாம் கட்டமாக பொலிஹாலி அணை எழும்புகிறது. அங்கிருந்து காட்சே நீர்த்தேக்கத்துக்கு 38 கிலோமீட்டர் சுரங்கம் குடைகிறார்கள். முடிந்ததும் ஆண்டுக்கு 127 கோடி கனமீட்டர் வரை கௌடெங்குக்கு இறங்கும். நாட்டின் குறிக்கோள் வாசகம் ‘கொட்சோ, பூலா, நாலா’: அமைதி, மழை, வளம். பூலா மலையில் நிறையவே பெய்கிறது. அணையைச் சுற்றியுள்ள மலைக் கிராமங்களில் இன்னமும் பெண்கள் ஊற்றுக்குப் போய்க் குடத்தில்தான் தண்ணீர் சுமக்கிறார்கள்.